கார் ஸ்டீரியோவும் ஆம்பும் ஊமையாகிவிட்டால்: பழுதைத் தேடிப் பிடிக்க முழு வழிகாட்டி

திரை எரிகிறது, பாட்டு ஓடுவதாகவும் காட்டுகிறது, ஆனால் வால்யூமை எவ்வளவு ஏற்றினாலும் ஸ்பீக்கரில் மூச்சே இல்லை. இந்த நிலைமையில் பெரும்பாலானவர்கள் வண்டியை நேராக ஆக்சஸரீஸ் கடைக்கு விடுகிறார்கள், அங்கே ஐந்து நிமிஷத்தில் "ஆம்ப் போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது (ஆம்ப் என்றால் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலைப் பெருக்கும் பெட்டி), மீட்டரை யாரும் கையில் எடுப்பதே இல்லை. எனக்கு இதைப் பார்த்தால் கோபம்தான் வரும். நான் பிரித்துப் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி ஒரு ஃபியூஸ், துருப்பிடித்த ஒரு எர்த், இல்லையென்றால் எலி கடித்த ஒரு மெல்லிய நீல வயர். ஆம்ப் உண்மையிலேயே எரிந்துபோவதும் உண்டு, ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும்.

நம் ஊர் ஸ்விஃப்ட், ஐ20, வேகன் ஆர் போன்ற வண்டிகளில் சாதாரணமாகப் போடும் அமைப்பை மனதில் வைத்தே எழுதுகிறேன்: டேஷ்போர்டில் வெளியே வாங்கிய ஸ்டீரியோ, டிக்கியில் ஒரு ஆம்ப், அதில் ஓடும் சப்வூஃபர் (சில வண்டிகளில் கதவு ஸ்பீக்கர்களும்), ஸ்டீரியோவுக்கும் ஆம்புக்கும் நடுவில் ஒலி சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள். ஆம்ப் இல்லாமல் ஸ்டீரியோவிலிருந்தே ஸ்பீக்கர் ஓடுகிற வண்டிக்கும், கம்பெனி ஆம்ப் உள்ள வண்டிக்கும் தனியாகப் பின்னால் சொல்கிறேன்.

சத்தம் வர மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும். ஆம்புக்குக் கரண்ட் வர வேண்டும், ஸ்டீரியோவிலிருந்து சிக்னல் வர வேண்டும், ஆம்பிலிருந்து கிளம்புகிற கரண்ட் ஸ்பீக்கர் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) வரை போய்ச் சேர வேண்டும். ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போனால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும். நடுவில் ஆரம்பியுங்கள். நடுவில் இருப்பது ஆம்ப், அதன் மேல் இருக்கும் சின்ன விளக்கு பாதி பதிலைச் சொல்லிவிடும்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர், 10 எம்எம் ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர், 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று (21 வாட், இரண்டு வயர் இணைத்தது), ஒரு சாதாரண 1.5 வோல்ட் பென்சில் செல், அப்புறம் ஒரு பக்கம் 3.5 எம்எம் பின்னும் மறுபக்கம் ஆர்சிஏ பின்னும் உள்ள கேபிள். இந்தக் கடைசிப் பொருள்தான் இந்த வேலையில் மிக முக்கியமானது. செல்போனில் ஹெட்போன் துளை இல்லையென்றால் டைப்-சி கன்வர்ட்டரும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மீட்டர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் நிற 830 வகை மீட்டர்களில் டிசி வோல்ட்டும் ஓமும் நன்றாகவே அளக்கலாம், ஆனால் ஏசி வோல்ட்டில் மிகக் குறைந்த அளவுகோலே 200தான். ஆர்சிஏவில் வரும் ஒன்றிரண்டு வோல்ட் சிக்னலை அதில் நம்பி அளக்க முடியாது, பூஜ்யம் மாதிரி காட்டும், நீங்கள் நல்ல ஸ்டீரியோவைக் கெட்டது என்று நினைத்துவிடுவீர்கள். அதனால்தான் சிக்னல் பார்க்க செல்போன் முறையைச் சொல்லப்போகிறேன்.

பாதுகாப்பு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ஆம்பின் பவர் கேபிளைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள், எப்போதும் மைனஸ்தான் முதலில். சில வண்டிகளில் கம்பெனி ஸ்டீரியோ பேட்டரி கழற்றியதும் மறுபடி கோட் கேட்கும், அது கையில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். டேஷ்போர்டுக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும் மஞ்சள் நிற உறை போட்ட வயர், மஞ்சள் கப்ளர் இருந்தால் அது ஏர்பேக் வயரிங், அதில் மீட்டரோ பல்போ வைக்கவே கூடாது. ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிறத் தடித்த கேபிளும் அப்படித்தான், தொடாதீர்கள்.

ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன்

எஃப்எம் போடுங்கள், பென்டிரைவில் ஒரு பாட்டு போடுங்கள், புளூடூத்தில் ஒன்று. ஒன்றில் சத்தம் வந்து இன்னொன்றில் வரவில்லையென்றால் ஆம்பையும் வயரையும் மறந்துவிடலாம், கோளாறு அந்த சோர்ஸில்தான் இருக்கிறது, பெரும்பாலும் செல்போனின் மீடியா வால்யூம் குறைந்திருக்கும். ஆண்ட்ராய்டு ஆட்டோ போட்டிருப்பவர்களுக்கு வழிகாட்டும் குரலுக்கு ஒரு வால்யூம், பாட்டுக்கு ஒரு வால்யூம் என்று தனித்தனியாக இருக்கும், பாட்டு ஓடும்போதே குமிழைத் திருப்பிப் பாருங்கள்.

இதில் ஒரு விசித்திரமான அறிகுறி உண்டு: எஃப்எம் போட்டால் சப்வூஃபர் வேலை செய்யும், புளூடூத்துக்கு மாற்றினால் ஆம்பே அணைந்துவிடும். அப்படி நடந்தால், பொருத்தியவர் ஆம்பின் ரிமோட் வயரை (ஸ்டீரியோ ஆன் ஆனதும் ஆம்பையும் எழுப்பும் வயர்) தவறான நீல வயரில் இணைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஸ்டீரியோவின் பின்னால் முழு நீலம் ஒன்று வருவது ஆன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்புக்கு. சில மாடல்களில் ஆன்டெனா வயரில் ரேடியோ ஓடும்போது மட்டுமே 12 வோல்ட் இருக்கும். இடம் மாற்றி இணைத்தால் வேலை முடிந்தது.

அடுத்து செட்டிங். மியூட், ஏடிடி (சத்தத்தைச் சட்டென்று குறைக்கும் பொத்தான்) அழுத்தப்பட்டிருக்கிறதா, முன்-பின் ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரிக்கும் ஃபேடர் ஒரேயடியாக முன்னாலோ பின்னாலோ தள்ளப்பட்டிருக்கிறதா, சப்வூஃபர் என்ற இடத்தில் "ஆஃப்" என்று இருக்கிறதா. பேட்டரி கழற்றி மாட்டிய பிறகு சத்தம் போயிருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் நினைவு அழிந்து எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குப் போயிருக்கும். பயனியர் யூனிட்களில் பின்பக்க ஆர்சிஏவை ரியர் ஸ்பீக்கருக்கா சப்வூஃபருக்கா என்று தேர்ந்தெடுக்கும் எஸ்பி-பிஓ மோட் இருக்கிறது, மற்ற கம்பெனிகளிலும் வேறு பெயரில் இருக்கும். சப்வூஃபருக்கு நீளமான வயரில் தனிக் குமிழ் வைத்திருந்தால் அதையும் பாருங்கள், ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்த அந்தக் குமிழில் முழங்கால் பட்டுப் பூஜ்யத்துக்குப் போயிருக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சத்தம் இல்லையா, டிக்கியைத் திறங்கள். ஸ்டீரியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆம்ப் விளக்கைப் பாருங்கள்.

விளக்கே எரியவில்லை

ஆம்புக்கு மூன்று வயர் வேண்டும்: பேட்டரியிலிருந்து நேராக வரும் தடித்த பிளஸ், வண்டி பாடியில் முறுக்கிய எர்த், ஸ்டீரியோவிலிருந்து வரும் மெல்லிய ரிமோட் வயர். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையை ஆம்பின் எர்த் ஸ்க்ரூவிலும் சிவப்பை பிளஸ் ஸ்க்ரூவிலும் வையுங்கள். இன்ஜின் ஆஃப் என்றால் ஆரோக்கியமான பேட்டரி 12.4 முதல் 12.7 வோல்ட் வரை காட்டும், இன்ஜின் ஓடினால் சுமார் 13.5 முதல் 14.5 வரை.

ஒன்றும் காட்டவில்லையென்றால், கருப்பு முனையை எர்த் ஸ்க்ரூவிலிருந்து எடுத்து, பெயின்ட் இல்லாத பாடி உலோகத்தில் வைத்துப் பாருங்கள். இப்போது 12 வந்தால் எர்த் கெட்டது. அப்போதும் வரவில்லையென்றால் கோளாறு பிளஸ் கேபிள் பாதையில், முதலில் பார்க்க வேண்டியது பானெட்டுக்கு அடியில் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் மெயின் ஃபியூஸ்.

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கண்ணாடிக் குழாய் வடிவ ஏஜியு ஃபியூஸில் உள்ளே கம்பி முழுசாகத் தெரியும், ஆனால் முனையில் இருக்கும் தொப்பிக்குள் சால்டர் விட்டுப்போயிருக்கும். மீட்டரின் கருப்பைப் பேட்டரி மைனஸில் வைத்து, சிவப்பை ஃபியூஸின் இரண்டு பக்கமும் மாறி மாறி வையுங்கள். ஒரு பக்கம் 12, மறுபக்கம் பூஜ்யம் என்றால் போனது அதுதான். ஆம்பின் உடம்பிலேயே செருகியிருக்கும் தட்டை ஃபியூஸ்களையும் பார்க்க வேண்டும். நிறத்தை வைத்தே அளவு தெரியும்: நீலம் 15 ஆம்பியர், மஞ்சள் 20, நிறமில்லாதது 25, பச்சை 30. போன அளவையே திரும்பப் போடுங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் வண்டியைக் கொளுத்துகிற வேலை, இதில் எனக்கு எந்தச் சமரசமும் கிடையாது. மெயின் ஃபியூஸ் இருப்பதே, கேபிள் எங்காவது உராய்ந்து பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் இருக்கத்தான், அதனால்தான் அது பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். மெயின் ஃபியூஸே இல்லாமல் நேராக இணைத்துக் கொடுத்திருக்கிறார்களா, சத்தப் பிரச்சினையை விடுங்கள், முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மீட்டர் 12 வோல்ட் காட்டுவதால் மட்டும் கேபிள் நல்லது என்று ஆகிவிடாது. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டருக்கு 12 கிடைக்கும், அது கரண்ட் இழுப்பதே இல்லை. அதற்குத்தான் அந்த 21 வாட் பல்பு. பல்பின் இரண்டு வயரையும் ஆம்பின் பிளஸ், எர்த் ஸ்க்ரூக்களில் வையுங்கள், அது கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் பாதை ஓரளவு நல்லது. மங்கலாக எரிந்தாலோ, பல்பு வைத்ததும் மீட்டரில் வோல்ட் சரிந்தாலோ, வழியில் எங்கோ அரிப்பு இருக்கிறது. கடைகளில் "4 கேஜ் கிட்" என்று மலிவாகக் கொடுக்கும் கேபிள்கள் பலவற்றில் உள்ளே செம்பு கிடையாது, அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் அந்தக் கேபிளின் முனைகள் வெள்ளைப் பொடி பூத்துப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வெளியே உறை புதுசு போலவே இருக்கும்.

எர்த்துக்கு வருவோம், இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது இதுதான். எர்த் லக் (வயர் நுனியில் இருக்கும் உலோக வளையம்) பெயின்ட் மேல் உட்கார்ந்திருக்கக் கூடாது, உப்புத்தாள் போட்டு வெள்ளி உலோகம் தெரியும் வரை தேய்த்து, பிளஸ் கேபிளின் அதே தடிமனில் குட்டையான வயரால் இறுக்கமாக முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸோ பெயின்டோ பூசிவிட வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுக்காதீர்கள், அது உயிர் காக்கும் போல்ட், அதை எதற்காகவும் தளர்த்தக் கூடாது. எர்த்தைச் சோதிக்க, மீட்டரின் ஒரு முனையை நீள வயரால் பேட்டரி மைனஸ் வரை கொண்டுபோய், இன்னொன்றை ஆம்பின் எர்த் ஸ்க்ரூவில் வையுங்கள். அந்த பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரில் 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் தாண்டினால் அந்த எர்த்தை நம்பாதீர்கள்.

பிளஸும் எர்த்தும் சரி, ஆனாலும் விளக்கு இல்லை என்றால் ரிமோட். ஸ்டீரியோ ஆனில் இருக்கும்போது ரிமோட் ஸ்க்ரூவில் 12 வோல்ட் பக்கம் வர வேண்டும். வரவில்லையா? ஒரு சின்ன வயர்த் துண்டால் ஆம்பின் பிளஸ் ஸ்க்ரூவையும் ரிமோட் ஸ்க்ரூவையும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்து சப்வூஃபர் "டொம்" என்றால் ஆம்ப் உயிரோடு இருக்கிறது, ரிமோட் வயர்தான் எங்கோ அறுந்திருக்கிறது. இந்த வயர் மெல்லியது, கதவுப்படிக்கு அடியிலும் கார்ப்பெட்டுக்கு அடியிலும் ஓடுவது, சீட் ரயிலில் நசுங்கும், எலிக்கும் இது ரொம்பப் பிடிக்கும். வண்டியைச் சில நாள் எடுக்காமல் விட்டு, எடுத்தபோது சத்தம் இல்லையென்றால் முதலில் எலிப் புழுக்கை இருக்கிறதா என்று கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். கிடைத்த சுருக்கு வழி என்று அந்தத் துண்டு வயரை அப்படியே விட்டுவிடாதீர்கள், ஆம்ப் இரவெல்லாம் விழித்திருந்து காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. புது வயர் இழுக்க முடியவில்லையென்றால் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒரு இடத்திலிருந்து, சின்ன ஃபியூஸ் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ஆம்ப், கூலிங் ஃபேன் எல்லாம் ஒரே ரிமோட்டில் தொங்கினால் ஸ்டீரியோவால் அவ்வளவு கரண்ட் தர முடியாது, நடுவில் ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை ஓடவிடும் சுவிட்ச்) வேண்டும்.

சிவப்பு விளக்கு எரிகிறது

பெரும்பாலான ஆம்ப்களில் சிவப்போ ஆரஞ்சோ எரிந்தால் அது பாதுகாப்பு நிலை, தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள ஆம்ப் வாயை மூடிக்கொண்டுவிட்டது. இதைப் பார்த்ததும் ஆம்ப் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். சில ஆம்ப்களில் சாதாரண நிலையிலேயே சிவப்பு எரியும், அதனால் விளக்குக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

ஸ்டீரியோவை ஆஃப் செய்துவிட்டு, ஆம்பிலிருந்து எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழற்றுங்கள் (எது எங்கே இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டு), ஆர்சிஏவையும் உருவுங்கள். பிளஸ், எர்த், ரிமோட் மூன்று மட்டும் இருக்கட்டும். இப்போது ஆன் செய்யுங்கள். விளக்கு பச்சைக்கோ நீலத்துக்கோ மாறினால் நல்ல செய்தி, கோளாறு வெளியில் இருக்கிறது. மறுபடி ஆஃப், முதலில் ஆர்சிஏ மட்டும் போட்டு ஆன், பிறகு ஒவ்வொரு ஸ்பீக்கராகப் போட்டு ஆன். எதைப் போட்டதும் சிவப்பு வருகிறதோ அதுதான் ஆள். ஒவ்வொரு முறையும் ஆஃப் செய்துவிட்டே இணையுங்கள்; ஆம்ப் ஓடும்போது ஆர்சிஏவைச் செருகி உருவினால் சில ஸ்டீரியோக்களில் ஆர்சிஏவின் எர்த்துக்காக உள்ளே இருக்கும் பொடி ஃபியூஸ் போய்விடும், அப்புறம் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து "கீீீ" என்று ஏறி இறங்கும் இரைச்சல் நிரந்தரமாகிவிடும்.

சிக்கியது ஸ்பீக்கர் என்றால், கழற்றிய நிலையிலேயே அந்த ஜோடி வயரை ஓமில் அளவுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3 முதல் 4 ஓமுக்குள் காட்டும், அது இயல்புதான். (மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் மதிப்பைக் கழித்துவிடுங்கள்.) ஒரு ஓமுக்குக் கீழே என்றால் ஷார்ட், காயில் வெந்து ஒட்டியிருக்கும் அல்லது வயர் நசுங்கியிருக்கும். எதுவுமே காட்டாமல் திறந்த நிலை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. அடுத்து ஸ்பீக்கர் வயருக்கும் வண்டி பாடிக்கும் நடுவே மீட்டரை பஸ்ஸரில் (இணைப்பு இருந்தால் கத்தும் நிலை) வைத்துப் பாருங்கள். கத்தக் கூடாது. கத்தினால், கதவுக்குள் கண்ணாடி ஏறி இறங்கும் இடத்தில் வயர் உரிந்து தகரத்தில் படுகிறது, அல்லது ஸ்பீக்கரின் முனைத் தகடு கதவுத் தகரத்தைத் தொடுகிறது. ஸ்பீக்கர் மைனஸ்தானே என்று பாடியில் எர்த் கொடுத்திருந்தாலும் இதே கதைதான், ஸ்பீக்கரின் இரண்டு வயரும் ஆம்புக்கே திரும்பி வர வேண்டும்.

சப்வூஃபரில் இன்னொரு விஷயம். இரண்டு 4 ஓம் காயில் உள்ள வூஃபரைப் பக்க இணைப்பில் போட்டால் 2 ஓம், தொடர் இணைப்பில் போட்டால் 8 ஓம். நான்கு சேனல் ஆம்ப்களில் பெரும்பாலானவை பிரிட்ஜ் செய்தால் (இரண்டு சேனலைச் சேர்த்து ஒன்றாக்கினால்) 4 ஓமுக்குக் கீழே தாங்காது. அப்படிப்பட்டதில் 2 ஓமைத் தொங்கவிட்டால் குறைந்த சத்தத்தில் பாடும், ஏற்றினால் சிவப்பாகும்.

எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் சிவப்பு அணையவில்லை, வோல்ட்டும் எர்த்தும் சரி என்று அளந்தாகிவிட்டது என்றால், அப்போதுதான் ஆம்புக்குள் கோளாறு என்று சொல்லலாம்.

விளக்கு சரியாக எரிகிறது, சத்தம்தான் இல்லை

ஸ்டீரியோவை ஆஃப் செய்து, ஆம்பில் வரும் ஆர்சிஏவை உருவி, அந்த இடத்தில் செல்போன் கேபிளைச் செருகுங்கள். செல்போன் வால்யூம் கால்வாசி. ரிமோட் வருவதற்காக ஸ்டீரியோவை மறுபடி ஆன் செய்து, செல்போனில் பாட்டைப் போட்டு மெதுவாக ஏற்றுங்கள்.

சத்தம் வந்துவிட்டதா? ஆம்ப், ஸ்பீக்கர், அவற்றின் வயர், பவர் அத்தனையும் ஒரே அடியில் நல்லது என்று தெரிந்துவிட்டது. மிச்சம் ஆர்சிஏ கேபிளும் ஸ்டீரியோவும்தான். வேறொரு ஆர்சிஏ கேபிளை சீட் மேலாகவே ஸ்டீரியோவிலிருந்து டிக்கி வரை போட்டுப் பாருங்கள், கார்ப்பெட்டைப் பிரிக்க வேண்டாம். வந்தால் பழைய கேபிள் போனது. வராவிட்டால் ஸ்டீரியோவின் பின்னால் ஃப்ரன்ட், ரியர், சப் என்று இருக்கும் வேறு ஜோடியில் மாற்றிச் செருகுங்கள். ஒன்றில் வந்து இன்னொன்றில் வரவில்லையென்றால் முன்பு சொன்ன செட்டிங்கை மறுபடி பாருங்கள், அதுவும் சரியென்றால் அந்த வெளியீடு போய்விட்டது. ஸ்டீரியோவின் ஆர்சிஏ வெளிவளையத்துக்கும் அதன் உலோக உடம்புக்கும் நடுவே ஓம் வைத்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். வரவில்லையென்றால் மேலே சொன்ன அந்தப் பொடி ஃபியூஸ்.

கம்பெனி ஸ்டீரியோவை அப்படியே வைத்து, ஸ்பீக்கர் வயரிலிருந்து ஹை-லோ கன்வர்ட்டர் (ஸ்பீக்கர் சிக்னலை ஆர்சிஏ அளவுக்குக் குறைக்கும் பெட்டி) போட்டு ஆம்புக்கு எடுத்திருப்பவர்கள், கன்வர்ட்டருக்கு வரும் இணைப்பைப் பாருங்கள். பெரும்பாலும் அது முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, நம் வெயிலில் டேப்பின் பசை உருகி வழுக்கி, இணைப்பு திறந்துகொள்ளும். சால்டர் செய்து ஸ்லீவ் போட்டால் திரும்ப வராது.

செல்போன் வைத்தும் சத்தம் இல்லையா, ஆம்பின் சுவிட்சுகளைப் பாருங்கள். உள்ளீடு ஹை-லோ என்ற சுவிட்ச், 2 சேனல்-4 சேனல் உள்ளீட்டுச் சுவிட்ச், கெய்ன் குமிழ் (உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று வைப்பது). நான்கு சேனல் ஆம்பில் ஒரே ஜோடி ஆர்சிஏ மட்டும் செருகி, சுவிட்ச் 4 சேனலில் இருந்தால் பின் இரண்டு சேனலும் ஊமைதான். கதவு ஸ்பீக்கர் சேனலில் எல்பிஎஃப் (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் ஃபில்டர்) போட்டிருந்தால் வெறும் முனகல் மட்டும் கேட்கும்.

பிறகு ஸ்பீக்கர். ஆம்பிலிருந்து அந்த ஜோடியைக் கழற்றி, பென்சில் செல்லின் இரண்டு முனையில் ஒரு கணம் தொடுங்கள். ஸ்பீக்கரும் வயரும் நல்லதென்றால் "டப்" என்று கேட்கும், கூம்பு லேசாக அசையும். கேட்கவில்லையென்றால் ஸ்பீக்கரைக் கழற்றி அதன் முனையிலேயே செல் வையுங்கள். அங்கே கேட்டால் வயர்தான் அறுந்திருக்கிறது, கதவுக்கும் தூணுக்கும் நடுவில் ரப்பர் குழாய்க்குள் ஓடும் இடத்தில் தேடுங்கள், கதவு திறந்து மூடியே அங்கே வயர் ஒடியும். செல்லில் எல்லா ஸ்பீக்கரும் டப் என்கிறது, செல்போனும் நல்லது, விளக்கும் சரி, ஆனால் ஒரு சேனலில் மட்டும் சத்தம் இல்லையென்றால், நல்ல சேனலில் அந்த ஸ்பீக்கரைப் போட்டுப் பாருங்கள். பாடினால் ஆம்பின் அந்த சேனல் போயிருக்கிறது.

ஆம்ப் இல்லாத வண்டி

ஸ்டீரியோவிலிருந்தே நேராக ஸ்பீக்கர் ஓடினால், உள்ளே இருக்கும் சின்ன ஆம்ப் ஐசிதான் (ஒரு சிப்) வேலை செய்கிறது. பெட்டியில் 50 வாட் பெருக்கல் 4 என்று போட்டிருந்தாலும் தொடர்ந்து தருவது ஒரு சேனலுக்கு 20 வாட் சொச்சம்தான். இந்த ஐசிக்களின் வெளியீடு பிரிட்ஜ் முறை, அதாவது ஸ்பீக்கரின் இரண்டு வயரையுமே ஐசி ஓட்டும், அதனால் ஒரு அருமையான சோதனை இருக்கிறது. ஸ்டீரியோ ஆனில் இருக்கும்போது, மீட்டரின் கருப்பு முனையைப் பாடியில் வைத்து, சிவப்பை ஒவ்வொரு ஸ்பீக்கர் வயரிலும் வையுங்கள். பிளஸ், மைனஸ் இரண்டிலுமே பேட்டரி வோல்ட்டில் பாதி, அதாவது 6 வோல்ட் பக்கம் வர வேண்டும். எட்டு வயரிலும் அது இருந்தால் ஐசி விழித்திருக்கிறது. எல்லாவற்றிலும் பூஜ்யம் என்றால் ஐசி உறக்கத்தில் இருக்கிறது அல்லது போய்விட்டது. ஒரே ஒரு ஜோடி மட்டும் வேறு மாதிரி காட்டினால் அங்கே ஷார்ட்.

எல்லா கதவிலும் ஒரே நேரத்தில் சத்தம் போனதென்றால் நான்கு ஸ்பீக்கரும் ஒன்றாகச் செத்திருக்காது. பல ஸ்டீரியோக்களில் ஒரு கதவில் ஒரு வயர் பாடியில் பட்டாலே மொத்த ஐசியும் நின்றுவிடும். கென்வுட் "புரொடெக்ட்" என்றும், ஜேவிசி "மிஸ்வயரிங்" என்றும், பயனியர் "ஆம்ப் எரர்" என்றும் திரையில் காட்டுவது இந்த மாதிரி நேரத்தில்தான். பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் கப்ளரை மட்டும் உருவிவிட்டு ஆன் செய்யுங்கள், எச்சரிக்கை போனால் வயரிங்கில் தேடுங்கள், நிற்கவே செய்தால் ஸ்டீரியோ. நிறம் தெரிந்தால் தேடுவது எளிது: வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, கருப்புக் கோடு போட்டது மைனஸ். இது ஸ்டீரியோவோடு வரும் வயருக்கு. வண்டியின் சொந்த வயரிங் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழுப்பு நிற மியூட் வயர் உள்ள மாடல்களில் அது எங்காவது பாடியில் பட்டாலும் சத்தம் நின்றுவிடும், நுனியில் டேப் சுற்றிவிடுங்கள்.

கம்பெனி ஆம்ப் உள்ள வண்டியில் ஸ்டீரியோ மாற்றிய பிறகு

போஸ், ஜேபிஎல், சோனி என்று பெயர் போட்ட உயர் மாடல்களில் டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ கம்பெனியே ஒரு ஆம்ப் வைத்திருக்கும். கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றி வெளியே வாங்கிய ஆண்ட்ராய்டு செட்டைப் போட்டதும் சத்தம் காணாமல் போவது இங்கே சகஜம், ஏனென்றால் பல மாடல்களில் அந்த ஆம்ப் எழுந்திருக்க வேண்டிய கட்டளை வண்டியின் கேன் பஸ் (மின்னணுப் பெட்டிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் வயரிங்) வழியாக வந்துகொண்டிருந்தது, புது செட் அதை அனுப்புவதில்லை. மாடலுக்குப் பொருத்தமான கேன் பஸ் பெட்டியும் அடாப்டர் வயரிங்கும் வாங்க வேண்டும், வயரை வெட்டி ஒட்டி இதைத் தீர்க்க முடியாது. செட் வாங்கும் முன்பே "இந்த வண்டியில் கம்பெனி ஆம்ப் இருக்கிறது, வேலை செய்யுமா" என்று கடையில் கேட்டு பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள்.

வந்து வந்து போகும் சத்தம்

பள்ளத்தில் இறங்கினால் போகிறது, தட்டினால் வருகிறது என்றால் லூஸ் கான்டாக்ட். பாட்டு ஓடும்போது ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க, இன்னொருவர் ஃபியூஸ் ஹோல்டர், எர்த், ஆர்சிஏ பின், கப்ளர் என்று வரிசையாக அசைத்துப் பாருங்கள். அரை மணி நேரம் ஓடி நின்று, ஆறினதும் மறுபடி வந்தால் சூடு. மே மாத வெயிலில் மூடிய டிக்கியில், கார்ப்பெட்டுக்குள் புதைத்து வைத்த ஆம்புக்குக் காற்றே கிடைக்காது. கெய்ன் அதிகமா, ஓம் குறைவா என்று பார்த்து, சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி விட்டு மாற்றிப் பொருத்துங்கள். சத்தமாகப் போடும்போது மட்டும் நிற்கிறதென்றால், அந்த நேரத்தில் ஆம்ப் முனையில் வோல்ட்டைப் பாருங்கள், 11க்குக் கீழே இறங்கினால் பேட்டரியோ கேபிளோ தாங்கவில்லை. மழைத் தண்ணீர் டிக்கியில் தேங்கிய வண்டி என்றால் ஆன் செய்து பார்க்கவே வேண்டாம், பேட்டரியைக் கழற்றி, ஆம்பை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து முழுசாக உலர்த்திய பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும்.

கடைசியில் ஆம்ப்தான் என்று ஆனால்

எல்லா வயரையும் கழற்றி ஆம்பை மேஜைமேல் வைத்து, பிளஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓம் அளவுங்கள். உள்ளே கெப்பாசிட்டர் இருப்பதால் மதிப்பு முதலில் குறைவாகக் காட்டி மெல்ல ஏறும், அது சரி. ஏறாமல் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நின்றால் பவர் பகுதியின் மாஸ்ஃபெட் (கரண்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) ஷார்ட், அல்லது யாரோ பிளஸ்-மைனஸ் மாற்றிக் கொடுத்ததில் உள்ளே டயோடு போயிருக்கிறது. புது ஃபியூஸ் போட்டதும் உடனே போவது இதனால்தான். இரண்டுமே பழுது பார்க்கக்கூடியவை, குப்பையில் போடவோ எக்ஸ்சேஞ்சில் அடிமாட்டு விலைக்குத் தள்ளவோ அவசரப்படாதீர்கள்.

சர்வீஸ் செய்பவரிடம் கொடுக்கும்போது "சத்தம் வரலை" என்று மட்டும் சொல்லாமல், அளந்ததை ஒரு தாளில் எழுதி ஆம்ப் மேல் ஒட்டிக் கொடுங்கள்: பிளஸ் முனையில் எத்தனை வோல்ட், ரிமோட்டில் எத்தனை, ஸ்பீக்கர் இல்லாமலும் சிவப்பு வந்ததா, எந்த சேனல், ஸ்பீக்கர்கள் எத்தனை ஓம். பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். திரும்பி வந்த ஆம்பைப் பொருத்தும்போது கெய்னைக் குறைந்த இடத்தில் வைத்து ஆரம்பியுங்கள், ஸ்டீரியோ வால்யூம் முக்கால் பங்கில் இருக்கும்போது சத்தம் உடையாமல் தெளிவாக வரும் இடம் வரை ஏற்றி, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.